நானோ பிளாட்டினத்தின் அளவும் வடிவமும்: மின்வேதி வினையில் அவற்றின் பங்கை முதன்முறை அளப்பவர்களுக்கு

துகள் சிறியதானால் பரப்பு கூடும், பரப்பு கூடினால் வினை வேகமாகும் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். சுண்ணாம்புக்கல்லை அமிலத்தில் போடும்போது இது சரி. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிபொருள் கலத்துக்கு வினையூக்கியாகப் பிளாட்டினத் தூள் தயாரிக்கும்போது பாதிதான் சரி. அங்கே துகள் சில நானோமீட்டர் அளவுக்குச் சுருங்கும்போது ஒரு கிராமுக்கான பரப்பு ஏறிக்கொண்டே போகும். ஆனால் அந்தப் பரப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் செய்கிற வேலை குறைந்துகொண்டே வரும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் நடுவில் எங்கோ ஓர் உச்சம் வருகிறது. பிளாட்டினத்தின் மேல் ஆக்சிஜன் ஒடுக்க வினைக்கு (ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்று நீராக மாறுவது) அந்த உச்சம் 3 நானோமீட்டரை ஒட்டி வருவதைப் பல அளவீடுகள் காட்டியிருக்கின்றன.

முதுநிலைத் திட்டத்தையோ முனைவர் பட்ட ஆய்வையோ இப்போதுதான் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லா உலோகங்களையும் எல்லா வினைகளையும் எடுத்துக்கொண்டால் குழப்பமே மிஞ்சும். அதனால் பிளாட்டினம், அமிலக் கரைசல், ஆக்சிஜன் ஒடுக்கம் ஆகிய மூன்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். கடைசியில் தாமிரத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் வேகத்தைச் சொல்ல இரண்டு எண்கள் உண்டு. ஒரு மில்லிகிராம் பிளாட்டினத்துக்கு எத்தனை ஆம்பியர் என்பது நிறைவழிச் செயல்திறன். பிளாட்டினத்தின் உண்மையான பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிஆம்பியர் என்பது பரப்புவழிச் செயல்திறன். முதலாவது உங்கள் செலவைச் சொல்கிறது, இரண்டாவது அணுக்களின் இயல்பைச் சொல்கிறது. "சிறிய துகள் நன்றாக வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால், இந்த இரண்டில் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்ட பிறகுதான் மேலே பேச வேண்டும்.

முதலில் தாளில் அணுக்களை எண்ணுங்கள்

ஆய்வகத்துக்குள் நுழையும் முன் ஒரு மாலையைத் தாளுக்கும் பென்சிலுக்கும் கொடுங்கள். பிளாட்டினத் துகளை ஒரு கனஎண்முகியாக, அதாவது மூலைகள் வெட்டப்பட்ட கனசதுரமாக, வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஆறு சதுர முகங்களும் எட்டு முக்கோண முகங்களும் உண்டு. சதுர முகங்களை 100 தளங்கள் என்றும், முக்கோண முகங்களை 111 தளங்கள் என்றும் படிகவியலில் குறிப்பார்கள்.

ஒரு விளிம்பில் 7 அணுக்கள் இருக்கும் துகளை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 923 அணுக்கள், அவற்றில் பரப்பில் இருப்பவை 362. அந்த 362ஐப் பிரித்தால் மூலைகளில் 12, விளிம்புகளில் 120, சதுர முகங்களின் உள்ளே 150, முக்கோண முகங்களின் உள்ளே 80. அடுத்தடுத்த பிளாட்டின அணுக்களுக்கு இடைப்பட்ட தூரம் 0.277 நானோமீட்டர் என்பதால் இந்தத் துகளின் குறுக்களவு சுமார் 3.3 நானோமீட்டர். பரப்பு அணுக்களில் 36 சதவீதம் விளிம்பிலும் மூலையிலும் உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது துகளைப் பாதியாக்குங்கள். விளிம்புக்கு 4 அணுக்கள், குறுக்களவு சுமார் 1.7 நானோமீட்டர், மொத்தம் 147 அணுக்கள், பரப்பில் 92. அந்த 92இல் 60 அணுக்கள் விளிம்பும் மூலையும்தான்! அதாவது 65 சதவீதம். முக்கோண முகம் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரே ஓர் அணுதான் மிஞ்சுகிறது. அதைத் தளம் என்று சொல்வதே கடினம். மறுபக்கம், 10 நானோமீட்டர் துகளில் 21,127 அணுக்கள் இருந்தாலும் பரப்பில் இருப்பவை 3,242 மட்டுமே. அவற்றில் விளிம்பும் மூலையும் 13 சதவீதம். மிச்சமுள்ள 85 சதவீதப் பிளாட்டினம் உள்ளே புதைந்து கிடக்கிறது, வினைக்கு நேரடிப் பயன் இல்லை.

விளிம்பு அணுவுக்கு என்ன குறை? அதற்கு அண்டை அணுக்கள் குறைவு. உள்ளே இருக்கும் அணுவுக்கு 12 அண்டைகள். 111 தளத்து அணுவுக்கு 9, 100 தளத்துக்கு 8, விளிம்புக்கு 7, மூலைக்கு 5. அண்டைகள் குறையக் குறைய, மேலே வந்து ஒட்டும் ஆக்சிஜனையும் ஹைட்ராக்சிலையும் அணு இறுகப் பிடிக்கும். தட்டையான பிளாட்டினப் பரப்பே இவற்றைத் தேவைக்குக் கொஞ்சம் கூடுதல் இறுக்கமாகத்தான் பிடிக்கிறது. விளிம்பு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்துவிடும். இடம் அடைபட்டுப் போனால் அடுத்த ஆக்சிஜன் மூலக்கூறுக்கு வழியில்லை. சிறிய துகளில் பரப்புவழிச் செயல்திறன் சரிவதற்கு இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இதுதான். 1990இல் கினோஷிடா, அதுவரை வெளிவந்திருந்த அளவீடுகளைத் தொகுத்து, இதே கனஎண்முகி எண்ணிக்கையோடு பொருத்திக் காட்டினார். 2012இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, நிறைவாரியாகப் பிரித்தெடுத்த துகள்களைக் கொண்டு 2 முதல் 11 நானோமீட்டர் வரை அளந்தபோதும் நிறைவழி உச்சம் 3 நானோமீட்டரை ஒட்டியே வந்தது.

எந்த முகம், எந்தக் கரைசல்

அளவு பற்றிப் பேசும்போது விளிம்பும் தளமும் என்று பிரித்தோம். வடிவம் என்பது எந்தத் தளம் என்ற கேள்வி. கனசதுரத் துகளில் ஆறு முகங்களும் 100. எண்முகியிலும் நான்முகியிலும் எல்லாமே 111.

இங்கே புதியவர்கள் அதிகம் வழுக்குவது கரைசல் விஷயத்தில். மார்க்கோவிச் குழு ஒற்றைப் படிகங்களில் செய்த அளவீடுகளின்படி, பெர்குளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் ஒடுக்கத்துக்கு 100 தளம் மிக மந்தம், 111 அதைவிட எவ்வளவோ மேல், நாம் எண்ணிய துகளில் இல்லாத 110 என்ற மூன்றாவது வகைத் தளம் இன்னும் கொஞ்சம் மேல். அதே படிகங்களைச் சல்ஃபியூரிக் அமிலத்துக்கு மாற்றினால் 111 கடைசிக்குப் போய்விடும். சல்ஃபேட் அயனியின் மூன்று ஆக்சிஜன்கள் 111 தளத்தின் முக்கோண அடுக்கில் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். ஆகவே "எண்முகி நல்லதா, கனசதுரம் நல்லதா" என்ற கேள்விக்கு எந்த அமிலம் என்று சொல்லாமல் பதில் கிடையாது. கட்டுரை படிக்கும்போது முடிவுரைக்கு முன்னால் செய்முறைப் பகுதியைத் திறந்து மின்பகுளி என்னவென்று பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிகள்: ஒன்றை மாற்றினால் மற்றதை அசையாமல் வையுங்கள்

அளவின் தாக்கத்தைப் பார்க்க, வெவ்வேறு இடங்களில் வாங்கிய வெவ்வேறு தூள்களை ஒப்பிடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் துகள்கள் உட்கார்ந்திருக்கும் கார்பன் தாங்கி வேறு, பிளாட்டின விகிதம் வேறு, செய்முறை வேறு என்றால் வந்த வித்தியாசம் எதனால் என்று சொல்ல முடியாது. நான் பரிந்துரைப்பது ஒரே தூளை எடுத்து, ஆர்கான் அல்லது நீர்த்த ஹைட்ரஜன் ஓட்டத்தில், வெவ்வேறு வெப்பநிலைகளில் சூடாக்குவது. வெப்பம் ஏற ஏறத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். தாங்கி அதேதான், பிளாட்டின அளவும் அதேதான். மூன்று நான்கு அளவுகள் கிடைத்தால் போதும்.

வடிவத்துக்குக் கூழ்மமுறைதான், அதாவது கரைசலிலேயே துகளை வளர்ப்பதுதான், வழக்கமான வழி. 1996இல் எல்-சயீத் குழு, பிளாட்டின உப்பையும் சோடியம் பாலிஅக்ரிலேட்டையும் நீரில் கலந்து, ஹைட்ரஜனைச் செலுத்தி, இரண்டின் விகிதத்தை மாற்றுவதன் மூலமே கனசதுரங்களையும் நான்முகிகளையும் எடுத்துக்காட்டியது. அதற்குப் பின் எத்தனையோ முறைகள் வந்துவிட்டன. புரோமைடு 100 தளத்தில் விரும்பி ஒட்டுவதால் கனசதுரங்களுக்கு அதைச் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. எந்த முறையானாலும் விலை ஒன்றுதான்: வடிவத்தை உருவாக்கித் தந்த அதே ஒட்டுப்பொருள் (பாலிஅக்ரிலேட், புரோமைடு போலத் துகளின் முகத்தில் ஒட்டிக்கொள்வது) வினை நடக்க வேண்டிய இடத்தை மூடிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் அளந்தால் அளப்பது ஒட்டுப்பொருளைத்தான்.

பாலிஅக்ரிலேட்டை எடுக்கக் காரம் சேர்த்துத் துகள்களை வீழ்படியவைத்து, தூய நீரில் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். நீண்ட கொழுப்பமைன்களைக் கொண்டு செய்த துகள்களுக்கு மிதமான காற்றுச் சூடு தேவைப்படலாம். சூடு ஏறினால் மூலைகள் உருண்டு வடிவமே போய்விடும் என்பதால் இதில் அவசரம் கூடாது.

அளவைச் சொல்லும் எண் ஒன்று அல்ல

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் துகள்களை எண்ணி, சராசரி எடுத்து, "2.4 நானோமீட்டர்" என்று எழுதிவிடுகிறோம். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பத்துத் துகள்களில் ஒன்பது 2 நானோமீட்டர், ஒன்று 6 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சராசரி 2.4. ஆனால் பரப்பு எத்தனை என்று கணக்கிட வேண்டிய சராசரி வேறு: விட்டங்களின் மும்மடிகளைக் கூட்டி, அதை இருமடிகளின் கூட்டலால் வகுக்க வேண்டும். மேலே 72 கூட்டல் 216, அதாவது 288. கீழே 36 கூட்டல் 36, அதாவது 72. விடை 4.0 நானோமீட்டர். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் உச்சியின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டின் வழி எடுக்கும் அளவு கனஅளவை ஒட்டி எடை போடுவதால் அது 5.0க்குப் பக்கத்தில் நிற்கும். ஒரே தூள், மூன்று எண்கள், மூன்றும் சரியே.

இது ஏன் முக்கியம்? பிளாட்டினத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 21.45 கிராம். உருண்டைத் துகள் என்று கொண்டால் கிராமுக்கான பரப்பு ஆறை அடர்த்தியாலும் விட்டத்தாலும் வகுத்தால் வரும். 2.4ஐப் போட்டால் கிராமுக்கு சுமார் 117 சதுர மீட்டர். 4.0ஐப் போட்டால் 70. மின்வேதி முறையில் அளந்தபோது 65 வந்தது என்று வையுங்கள். முதல் எண்ணை நம்பியவர் "பாதிப் பரப்பைக் காணோம், துகள்கள் அடைபட்டிருக்கின்றன" என்று இல்லாத நோய்க்கு மருந்து தேடப் போவார். குறைந்தது இருநூறு துகள்களையாவது எண்ணுங்கள். அழகான பகுதியை மட்டும் படமெடுக்காமல், நுண்ணோக்கியில் மாதிரியைத் தாங்கும் வலையின் பல இடங்களில் எடுங்கள். வடிவ மாதிரியானால் கனசதுரம் எத்தனை சதவீதம், உருக்குலைந்தவை எத்தனை என்றும் எண்ணி எழுதுங்கள்.

சுத்தம்

இந்தப் படியில்தான் பெரும்பாலான முதல் முயற்சிகள் தோற்கின்றன, ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். மின்முனையில் நீங்கள் வைக்கப்போவது ஒருசில மைக்ரோகிராம் பிளாட்டினம். அதன் பரப்பு சில சதுர சென்டிமீட்டர். பீக்கரின் சுவரில் ஒட்டியிருக்கும் விரல்ரேகை எண்ணெய்க்கு அதை மூட அதிக நேரம் ஆகாது.

கண்ணாடிக் கலத்தை அமிலம் கலந்த பெர்மாங்கனேட்டில் இரவு முழுக்க ஊறவையுங்கள். வெளியே எடுத்ததும் அமிலம் கலந்த நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடால் அலசினால் பழுப்புக் கறை கரைந்து போகும். பிறகு 18.2 மெகாஓம்-சென்டிமீட்டர் தூய நீரில் பல முறை கொதிக்கவைத்து ஊற்றுங்கள். கையுறை, கண்ணாடி, புகைப்போக்கி மேடை மூன்றும் கட்டாயம். வாலைவடி நீர் போதாது. நிலத்தடி நீரில் குளோரைடு தாராளமாக இருக்கும் ஊர்களில் கடைசி அலசலில்கூடக் குழாய்த் தண்ணீர் படக்கூடாது. குளோரைடு மிகச் சிறு அளவிலேயே பிளாட்டினத்தில் ஒட்டி ஆக்சிஜன் ஒடுக்கத்தைக் கெடுக்கும். இதே காரணத்தால் வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை நேராகக் கலத்துக்குள் இறக்காதீர்கள், அதன் முனை வழியே குளோரைடு கசியும். ஹைட்ரஜன் மின்முனையே நல்லது, கீழே வரும் வோல்ட் எண்கள் அதை வைத்துச் சொன்னவை. அதே கரைசலில் ஹைட்ரஜனைச் செலுத்தி, பிளாட்டினக் கம்பிக்கும் ஒப்பீட்டு மின்முனைக்கும் இடையே மின்னழுத்தம் பூஜ்ஜியம் வருகிறதா என்று ஒவ்வொரு நாளும் சரிபாருங்கள்.

பெர்குளோரிக் அமிலத்தை மிகத் தூய தரத்தில் வாங்கி, குளிர்ந்த நீரில் 0.1 மோலாருக்கு நீர்த்துப் பயன்படுத்துங்கள். அடர் அமிலத்தைக் கரிமப் பொருள்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதோ சூடாக்குவதோ ஆபத்து.

மை தயாரித்து மின்முனையில் பூசுதல்

மின்முனை என்பது சுழலும் தண்டின் நுனியிலுள்ள கிளாஸி கார்பன் (கண்ணாடிபோல் வழவழப்பான கார்பன்) வட்டு. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டின் பரப்பு 0.196 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோகிராம் பிளாட்டினம் வேண்டுமென்றால் வட்டில் 3.92 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். 20 சதவீதப் பிளாட்டினத் தூள் 10 மில்லிகிராமை 5.1 மில்லிலிட்டர் நீர்மத்தில் கலந்து, அதில் 10 மைக்ரோலிட்டரைத் துளியாக விட்டால் கணக்கு சரியாக வரும்.

கலக்கும் வரிசை முக்கியம். உலர்ந்த பிளாட்டினக் கார்பன் தூளின் மேல் ஐசோபுரோப்பனாலை நேராக ஊற்றினால் தீப்பற்றும். முதலில் நீரை ஊற்றித் தூளை முழுக்க நனையுங்கள், அதன் பிறகே ஆல்கஹால், கடைசியில் சிறிதளவு நாஃபியான் (பூச்சைப் பிணைத்து வைக்கும் பாலிமர்). பனிக்கட்டி போட்ட நீரில் புட்டியை நிறுத்தி, மீயொலிக் கலக்கியில் அரைமணி நேரம் வையுங்கள். வெறும் நீரில் வைத்தால் கலக்கியே சூடாகி மையைக் கெடுக்கும்.

துளி காயும்போது உற்றுப் பாருங்கள். ஓரத்தில் கருப்பு வளையமும் நடுவில் வெளிறிய வட்டமும் தெரிந்தால் அந்தப் பூச்சு உதவாது, துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். மின்முனையைத் தலைகீழாக மாட்டி மெதுவாகச் சுழலவிட்டபடி காயவைத்தால் பூச்சு சீராகும். பூச்சின் தரம் மாறினாலே செயல்திறன் எண் கணிசமாக மாறிப்போகும். அதை அளவின் தாக்கம் என்று எழுதிவிடக் கூடாது.

வெறும் கரைசலில் பரப்பை அளத்தல்

ஆர்கான் செலுத்திய 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில், வினாடிக்கு 50 மில்லிவோல்ட் வருடல் வேகத்தில் சுழற்சி வோல்ட்டமெட்ரி ஓட்டுங்கள், அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கியபடி மின்னோட்டத்தைப் பதியுங்கள். 0.05 வோல்ட்டிலிருந்து 0.4 வோல்ட் வரை ஹைட்ரஜன் ஒட்டிப் பிரியும் பகுதி. வளைவுக்குக் கீழுள்ள பரப்பிலிருந்து, 0.4 வோல்ட் அருகே தெரியும் இரட்டை அடுக்கு மின்னோட்டத்தை (வினை இல்லாமல், பரப்பில் மின்னூட்டம் சேர்வதால் மட்டும் வருவதை) கழித்து, மீதியை வருடல் வேகத்தால் வகுத்தால் மின்னூட்டம் கிடைக்கும். 30 மைக்ரோஆம்பியர்-வோல்ட் வந்தால், 0.05ஆல் வகுக்க 600 மைக்ரோகூலும். பல்படிகப் பிளாட்டினத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 210 மைக்ரோகூலும் என்பது வழக்கமான மாறிலி. ஆகவே உண்மைப் பரப்பு 2.86 சதுர சென்டிமீட்டர். 3.92 மைக்ரோகிராமால் வகுத்தால் கிராமுக்கு 73 சதுர மீட்டர். 3 நானோமீட்டர் உருண்டைக்குக் கணக்குப்படி 93 வர வேண்டும். கார்பனோடு ஒட்டிய பக்கமும் துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடமும் போக 73 என்பது நம்பத்தக்க எண்.

வடிவ மாதிரிகளுக்கு 210ஐக் கண்ணை மூடிப் போடக் கூடாது. 111 தளத்தில் அணுக்கள் நெருக்கம், அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் என்று கணக்கிட்டால் 240 மைக்ரோகூலும் வரும். 100 தளத்துக்கு 208. கார்பன் மோனாக்சைடை ஒட்டவைத்து ஆக்சிஜனேற்றி எடுக்கும் முறையிலும் ஒருமுறை பரப்பை அளந்து ஒப்பிடுங்கள், அங்கே மாறிலி 420. வாயு நச்சு என்பதால் உணர்கருவி இல்லாத அறையில் இதைத் தொடவே வேண்டாம்.

வடிவம் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்பதற்கு நுண்ணோக்கிப் படத்தைவிட நல்ல சாட்சி வோல்ட்டமெட்ரி வளைவுதான். படம் நூற்றுக்கணக்கான துகள்களைக் காட்டும், வளைவு வட்டிலுள்ள எல்லாத் துகள்களையும் காட்டும். இதற்கு மட்டும் 0.5 மோலார் சல்ஃபியூரிக் அமிலத்தை எடுங்கள், சல்ஃபேட்டின் ஒட்டும் குணம் இங்கே உதவிக்கு வருகிறது. 0.12 வோல்ட் அருகே வரும் உச்சி 110 வகை இடங்கள். 0.27 அருகே வருவது 100 வகைப் படிகளும் ஓரங்களும். 0.37 அருகே ஒரு தோள்போல வருவது அகன்ற 100 தளங்கள். 0.5 வோல்ட்டை ஒட்டி வரும் சிறு மேடு அகன்ற 111 தளங்கள். கனசதுரம் என்று நீங்கள் நம்பும் மாதிரியில் 0.37இல் எதுவும் தெரியாவிட்டால், ஒன்று மூலைகள் உருண்டுவிட்டன, அல்லது ஒட்டுப்பொருள் இன்னும் போகவில்லை. ஒட்டுப்பொருள் இருந்தால் எல்லா உச்சிகளுமே மழுங்கியிருக்கும். ஸ்பெயினில் அலிகான்டே பல்கலைக்கழகத்துக் குழு இந்த வழியை வெகுதூரம் எடுத்துச் சென்று, பிஸ்மத்தையும் ஜெர்மானியத்தையும் ஒட்டவைத்து 111, 100 தளங்களின் பங்கைத் தனித்தனியே எண்ணும் முறையை நிலைநிறுத்தியது.

ஓர் எச்சரிக்கை: வடிவ மாதிரியில் முதல் ஓட்டத்திலேயே 1.2 வோல்ட் வரை போகாதீர்கள். பிளாட்டினம் ஆக்சைடாகித் திரும்ப ஒடுங்கும் ஒவ்வொரு சுற்றிலும் பரப்பு அணுக்கள் இடம் மாறும். உருண்டைத் துகளை "விழிக்கவைக்க" உயர் மின்னழுத்தத்தில் ஐம்பது சுற்று ஓட்டும் வழக்கத்தைக் கனசதுரத்துக்குப் பயன்படுத்தினால் அளக்கும் முன்பே வடிவத்தை அழித்துவிடுவோம்.

ஆக்சிஜனில் அளத்தல்

ஆக்சிஜன் நிரம்பிய கரைசல், நிமிடத்துக்கு 1600 சுழற்சி, 0.05இலிருந்து 1.0 வோல்ட் நோக்கி, வினாடிக்கு 20 மில்லிவோல்ட். எந்தத் திசையில் வருடினீர்கள் என்று கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் வந்தால் பரப்பில் ஏற்கெனவே ஆக்சைடு இருக்கும், எண் குறைவாக வரும். ஆர்கானில் அதே வேகத்தில் எடுத்த வளைவைக் கழியுங்கள்.

25 பாகை செல்சியஸில் எல்லை மின்னோட்டம், அதாவது ஆக்சிஜன் வந்து சேரும் வேகம் மட்டுமே தீர்மானிக்கும் உச்ச மின்னோட்டம், வட்டின் சதுர சென்டிமீட்டருக்கு 5.7 முதல் 6 மில்லிஆம்பியருக்குள் வர வேண்டும். 400 சுழற்சிக்குக் குறைத்தால் அது சரிபாதியாக வேண்டும், லெவிச் சமன்பாட்டில் சுழற்சி வேகம் வர்க்கமூலமாக வருவதால். இரண்டும் பொருந்தாவிட்டால் பூச்சிலோ ஆக்சிஜன் ஓட்டத்திலோ கோளாறு. மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் கரைசல் 34 பாகையைத் தொடும். அங்கே எடுத்த எண்ணை 25 பாகைக்கான பதிப்பெண்ணோடு ஒப்பிடக் கூடாது. நீர் ஓடும் இரட்டைச் சுவர்க் கலம் இருந்தால் நிம்மதி.

கரைசலின் மின்தடை 25 ஓம், மின்னோட்டம் 0.6 மில்லிஆம்பியர் என்றால் 15 மில்லிவோல்ட் அங்கேயே போய்விடுகிறது. சிறியதாகத் தோன்றும். ஆனால் மின்னோட்டம் பத்து மடங்காக 60 மில்லிவோல்ட் தேவைப்படும் வினையில், இந்த 15 மில்லிவோல்ட் வேகத்தைச் சுமார் 1.8 மடங்கு குறைத்துக் காட்டும். தடையை அளந்து திருத்தாத தரவை வைத்து இரண்டு துகள் அளவுகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

திருத்திய பின் 0.9 வோல்ட்டில் மின்னோட்டத்தைப் படியுங்கள். எல்லை 1.14 மில்லிஆம்பியர், 0.9 வோல்ட்டில் 0.57 என்றால், கூட்டெக்கி-லெவிச் முறைப்படி (இரண்டின் பெருக்கலை அவற்றின் வித்தியாசத்தால் வகுத்தால்) வினைவேக மின்னோட்டம் 1.14 மில்லிஆம்பியர். 2.86ஆல் வகுக்கப் பரப்புவழி 0.40 மில்லிஆம்பியர். 3.92 மைக்ரோகிராமால் வகுக்க நிறைவழி மில்லிகிராமுக்கு 0.29 ஆம்பியர். அமெரிக்க எரிசக்தித் துறை எரிபொருள் கலத்துக்கு வைத்த இலக்கு 0.9 வோல்ட்டில் மில்லிகிராமுக்கு 0.44 ஆம்பியர். அது முழுக் கலத்துக்கானது, சுழலும் வட்டின் எண்ணை அதோடு நேராக வைத்துப் பேசக் கூடாது. படித்த மின்னோட்டம் எல்லையில் பத்தில் ஒன்றுக்குக் கீழோ ஐந்தில் நான்குக்கு மேலோ இருந்தால் இந்தக் கணக்கு நம்பத்தக்கதாக இராது. பிளாட்டின அளவை மாற்றிப் பூசி மறுபடி அளங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் குறைந்தது மூன்று தனித்தனிப் பூச்சுகள் வேண்டும்.

எண்களைப் படிப்பது

நிறைவழி, பரப்புவழி இரண்டையும் துகள் அளவுக்கு எதிராகத் தனித்தனி வரைபடமாக வரையுங்கள். அளவு குறையும்போது பரப்புவழி மெதுவாகச் சரிந்து, நிறைவழி ஏறி உச்சம் தொட்டுத் திரும்பினால், தாளில் எண்ணிய விளிம்பு அணுக்களின் கதை பொருந்துகிறது. பரப்புவழி எண் ஒரே மாதிரி நின்று நிறைவழி மட்டும் ஏறினால், உங்கள் அளவுகள் எல்லாமே ஒரு பக்கமாகக் குவிந்திருக்கலாம்.

வடிவத்தின் பெயரில் கலவையின் தாக்கத்தைப் படித்துவிடாதீர்கள். 2007இல் ஸ்டாமென்கோவிச் குழு, மூன்று பங்கு பிளாட்டினமும் ஒரு பங்கு நிக்கலும் கொண்ட ஒற்றைப் படிகத்தின் 111 தளம், தூய பிளாட்டினத்தின் 111 தளத்தைவிடப் பத்து மடங்கு திறனுடையது என்று காட்டியது. நிக்கல் கலந்த எண்முகித் துகள்கள் பிரமாதமாக வேலை செய்வதில் முகத்துக்கும் பங்கு உண்டு, நிக்கலுக்கும் பங்கு உண்டு. நிக்கல் கலந்த உருண்டைத் துகளையும் பக்கத்தில் வைத்து அளக்காமல் எல்லாப் பெருமையையும் எண்முகிக்குக் கொடுக்க முடியாது.

அதேபோல, விளிம்பும் படியும் எப்போதும் கெடுதல் என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். அதே 2007இல் சீனாவின் சியாமென் பல்கலைக்கழகத்தின் சுன் ஷிகாங் குழு, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த வாங் சோங்லின் உடன் சேர்ந்து, 24 முகங்கள் கொண்ட பிளாட்டினத் துகள்களைச் சதுர அலை மின்னழுத்தத்தால் வளர்த்தது. அந்த முகங்கள் முழுக்கப் படிகள். ஃபார்மிக் அமிலத்தையும் எத்தனாலையும் ஆக்சிஜனேற்றுவதில் அவை வழக்கமான பிளாட்டினத்தைவிடப் பல மடங்கு திறன் காட்டின. அம்மோனியா ஆக்சிஜனேற்றமோ அகன்ற 100 தளங்களையே நாடுகிறது. ஆக்சிஜன் ஒடுக்கத்தில் மந்தமாயிருந்த கனசதுரம் அங்கே முன்னால் வந்து நிற்கும். கையில் கனசதுர மாதிரி இருந்தால் காரக் கரைசலில் அம்மோனியாவை வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், 100 தளம் மிஞ்சியிருக்கிறதா என்பதற்கு அது நல்ல சோதனையும்கூட.

தாமிரத்தில் கார்பன் டைஆக்சைடை ஒடுக்கும்போது அளவும் வடிவமும் வேகத்தோடு நிற்பதில்லை, விளைபொருளையே மாற்றிவிடுகின்றன. 2014இல் ஷ்ட்ராஸர், ரோல்டான் குவேன்யா ஆகியோரின் குழுக்கள் 2 முதல் 15 நானோமீட்டர் தாமிரத் துகள்களை அளந்தன. 5 நானோமீட்டருக்குக் கீழே ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் பெருகி, மீத்தேனும் எத்திலீனும் அடங்கிப்போயின. 2016இல் சுவிட்சர்லாந்தின் லோசான் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த புவோன்சாந்தி குழு 24, 44, 63 நானோமீட்டர் கனசதுரங்களை ஒப்பிட்டபோது எத்திலீனுக்கு 44தான் மேல் என்று வந்தது. அந்தப் பக்கம் போக விரும்புபவர்கள் சுழலும் வட்டோடு வாயுப் பகுப்பாய்வுக் கருவியையும் கற்றுக்கொள்ள வேண்டும், மின்னோட்டத்தை மட்டும் பார்த்து விளைபொருளைச் சொல்ல முடியாது.

அளந்து முடித்த பின்

மின்முனையைக் கழுவி வைத்துவிடாதீர்கள். 0.6க்கும் 1.0 வோல்ட்டுக்கும் இடையே சில ஆயிரம் சுற்றுகள் ஓட்டி, பரப்பை மறுபடி அளங்கள். மிகச் சிறிய துகள்கள் கரைந்து பெரியவற்றின் மேல் படிவதால் 2 நானோமீட்டர் மாதிரியில்தான் இழப்பு அதிகமாகத் தெரியும். முதல் நாள் நிறைவழிச் செயல்திறனில் வென்ற தூள் இந்த ஓட்டத்துக்குப் பின் 4 நானோமீட்டர் தூளுக்குப் பின்னால் போய்விடக்கூடும். வடிவ மாதிரியானால் பூச்சைச் சுரண்டி எடுத்து ஆல்கஹாலில் கலந்து, நுண்ணோக்கி வலையில் விட்டு மறுபடி படமெடுத்து, ஓட்டத்துக்கு முன் எண்ணியது போலவே கனசதுரங்களை எண்ணுங்கள். செயல்திறன் எண்ணோடு முன், பின் இரண்டு எண்ணிக்கைகளையும், மின்பகுளி, வெப்பநிலை, வருடல் திசை, பூசிய பிளாட்டின அளவு, தடைத் திருத்தம் ஆகியவற்றையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.